இடது தண்டவாளத்தில் ஓர் எலுமிச்சம்பழம்

1

இந்தக் கதை பிறக்கும்போது கதையாகப் பிறக்கவில்லை. வழவழப்புத் தாளில், நான்கு வண்ணத்தில், ஒரு பக்கத் துண்டறிக்கையாக வர வேண்டியது. குற்றாலத்தில் ஐந்தருவி போகிற சாலையில் ரிசார்ட் வைத்திருக்கும் சிவசுப்பிரமணியன் தன் வரவேற்புக் கூடத்தில் பொம்மை ரயில் விட்டிருக்கிறார். நாளை, திங்கட்கிழமை, திறப்பு விழா. வருகிறவர்கள் கையில் கொடுக்க நாலு நல்ல வார்த்தை, கொஞ்சம் கனமாக, எழுதித் தரச்சொல்லி என்னைக் கூப்பிட்டார். பெரிய மனிதர்களைக் கிண்டலடித்து எழுதியே தென்காசியில் பெயர் கெட்டவன் நான். என்னைப் போய் எப்படி என்று கேட்டேன். என் எழுத்தில் ஒரு வரிகூட அவர் படித்ததில்லையாம். நேர்மையான மனிதர்.

காலையிலிருந்து மூன்று முறை தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: "மலைகளின் மடியில், அருவிகளின் அணைப்பில்..." (குற்றாலத்து லாட்ஜ் ஒவ்வொன்றிலும் இந்த வரி தொங்குகிறது. விட்டேன்.)

இரண்டாவது: "ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் ரயில்களைக் கொண்டே..." (எனக்கே கொட்டாவி வந்தது. விட்டேன்.)

மூன்றாவது: "வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழிந்ததும், ஓர் எலுமிச்சம்பழத்தை..."

இதை விட முடியவில்லை. இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டுமென்றால் மற்ற எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும்.

2

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் கல்வெட்டு: "தென்னகத்தின் தன்னிகரற்ற குறும்புகைவண்டி மாமண்டபம்". மாமண்டபம் லிப்டுக்கும் ஐஸ்கிரீம் கவுண்டருக்கும் நடுவில் இருக்கிறது. போன சீசன் வரை அங்கே ஈரத்துண்டு காயப்போட்டார்கள். இப்போது பெரிய மேசை போட்டு, தெர்மோகோலில் மலை செய்து, செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற பாதையைச் சின்னதாக்கி வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று கண் பாலம் உண்டு, குகை உண்டு, பஞ்சால் செய்த அருவி உண்டு. அருவி மலையைவிட உயரம். செய்தவர் சரியாகத்தான் செய்தார். முதலாளிதான் இன்னும் தூக்கும், இன்னும் தூக்கும் என்று தூக்க வைத்துவிட்டார். ஆகவே தண்ணீர் ஆகாயத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டதுபோலப் புறப்படுகிறது.

(இந்தப் பத்தியை எடுத்துவிட வேண்டும். காரணம் கடைசியில்.)

ரயிலைப் பார்த்துக்கொள்ள வந்தவர் முகம்மது யூசுப். ஐம்பத்திரண்டு வயது. துபாயில் ஒரு பெரிய கடைவளாகத்தில் ஓடும் பொம்மை ரயில்களுக்கு இருபத்திரண்டு வருடமாகப் பழுது பார்க்கிறவர். கல்யாணமான மறுமாதம் போனார். என்ன வேலை என்று கேட்டவர்களிடம் ரயிலில் வேலை என்றார், அது உண்மையும்கூட. துபாயில் மெட்ரோ ஓடத் தொடங்கிய வருடம் அவர் மனைவி ஜன்னத் தெருவெல்லாம் சொன்னாள், எங்க வீட்டு அவுகதான் ஓட்டுதாவ என்று. அடுத்த லீவில் வந்தவர் உள்ளங்கையை விரித்து, ரயில் எவ்வளவு பெரியது என்று காட்டினார். அன்றிலிருந்து தெருவில் அவருக்குப் பெயர் 'டிரைவர்'. அவர் வாசலைக் கடக்கும்போது விசிலடிப்பார்கள். நானும் ஒருமுறை அடித்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இருவரும் ஒரு கூரையின் கீழ் இருந்தது மொத்தம் ஒரே ஒரு வருடம்.

இப்போதும் லீவில்தான் வந்திருக்கிறார். சிவசுப்பிரமணியன் அவரைப் பிடித்து, திறப்பு விழாவில் ரயில் நல்லபடியாக ஓடினால் வருடம் முழுக்க வேலை இங்கேயே என்று சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் செவ்வாய்க்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம். டிக்கெட் எடுத்தாயிற்று, பெட்டியும் கட்டியாயிற்று.

இந்தக் கதையில் இருப்பது இவ்வளவுதான்: ஒரு சாண் நீள எஞ்சின் ஓடினால், ஒரு மனிதர் தன் வீட்டில் இருப்பார்.

3

வெள்ளிக்கிழமை மதியம் யூசுப் ஜும்ஆ தொழுகைக்குத் தென்காசிக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து முதலாளி எஞ்சினுக்குப் பூஜை போட்டார். நெற்றியில் சந்தனம், குங்குமம். கற்பூரம் காட்டியதில் தெர்மோகோல் மலையின் ஓரம் கொஞ்சம் உருகியது. அப்போது ரிசார்ட்டின் கார் ஓட்டுநர் மணிமுத்து, வெள்ளந்தி மனிதர், தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"புது வண்டில்லா மொதலாளி. எலுமிச்சம்பழம் ஏத்தாமலா எடுக்குதது?"

முதலாளி யோசித்தார். அவர் யோசித்தால் அது நடக்கும். கடைத்தெருவில் இருப்பதிலேயே சின்னப் பழமாக வாங்கி வந்தும் அது எஞ்சின் உயரம் இருந்தது. எனவே காகிதம்போல மெல்லிசாக ஒரு வில்லை அரிந்து இடது தண்டவாளத்தின் மேல் வைத்தார்கள். வலதுக்கும் ஒன்று அரிவதற்குள் நல்ல நேரம் முடியப்போகிறது என்று அய்யர் அவசரப்படுத்தினார். ஒரு பக்கம் போதும் என்று முடிவாயிற்று. எஞ்சின் ஏறியது, பாதியில் மூச்சடைத்து நின்றது. பின்னாலிருந்து ஒரு விரல் தள்ளிவிட்டது. நசுக்கிக்கொண்டு இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

3-அ

மணிமுத்து எனக்குச் சரிப்பட்டு வரவில்லை.

மலைப்பாதையில் இருபது வருடம் வண்டி ஓட்டிய ஆள், சக்கரத்தில் சாறு போனால் என்ன ஆகும் என்று தெரியாதவரா? அப்புறம் அந்த 'வெள்ளந்தி'. ஒருவர் தலையில் பழியைக் கட்டப்போகும் எழுத்தாளன் முதலில் அவர் கழுத்தில் போடுகிற மாலை அது. தலையைச் சொறிவதாக வேறு எழுதியிருக்கிறேன். இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

5

(நான்காம் பகுதியில் மணிமுத்துவுக்கு ஒரு குடும்பம் கொடுத்து எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன்.)

சனிக்கிழமை காலை ஒத்திகை. மூன்று பெட்டிகளோடு கிளம்பிய எஞ்சின் பாலத்தின் மேல் இரண்டு முறை இருமியது. குகைக்கு முந்தைய வளைவில் நின்றது. யூசுப் விரல் நுனியால் தொட்டார். ஓர் அங்குலம் போய் மறுபடி நின்றது.

சாரல்தான் என்றார்கள் எல்லோரும். மூன்று நாளாக விடாத சாரல். கூடத்துக் கண்ணாடிகள் வியர்த்துப்போயிருந்தன. ஜூலை மாதம் குற்றாலத்தில் எது கெட்டாலும் சாரல்தான் குற்றவாளி. அது வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. சாயங்காலத்துக்குள் ஓடவில்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு முதலாளி தென்காசிக்குக் காரேறினார்.

நான் குறிப்பு நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். துண்டறிக்கைக்குச் செய்தி சேகரிக்கிறேன் என்று சொன்னேன். உண்மையில் எனக்குள் ஒரு கேலிக் கட்டுரை தயாராகிக்கொண்டிருந்தது. ஐம்பது வயது ஆள் ஒரு பொம்மையை மல்லாக்கப் போட்டு வைத்தியம் பார்க்கிறார் என்றால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

யூசுப் உடனே எதையும் கழற்றவில்லை. அவருக்கு ஒரு முறை இருக்கிறது. கெட்டுப்போனது எது என்று அவர் தேடுவதில்லை. நன்றாக இருப்பது எது எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். முதலில் பழைய சின்ன எஞ்சின் ஒன்றை அதே வளைவில் வைத்து விட்டார். அது சொகுசாகப் போனது.

"தண்டவாளம் உண்டு," என்றார். வகுப்பில் ஆஜர் எடுப்பதுபோல. "கன்ட்ரோலர் உண்டு."

அப்படியானால் குற்றம் எஞ்சினுக்குள். அதை ஸ்பாஞ்சு மெத்தையில் மல்லாக்கப் போட்டு, மேல்கூட்டைக் கழற்றினார்.

இங்கே ஒரு கிண்டல் வர வேண்டும். அதற்காக இடம்கூட விட்டிருக்கிறேன்:

வரவில்லை. அந்தக் கூட்டுக்குள் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு மோட்டார் இருந்தது. அதற்குள் தலைமுடியைவிட மெல்லிசான செம்புக் கம்பி, நூற்றுக்கணக்கான சுற்று, ஒரு சுற்றுகூட மற்றதன் மேல் ஏறாமல். கொத்தமல்லி விதை பருமனில் பற்சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் பல் இருந்தது, நான் எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து யூசுப் பாதையைச் சொன்னார். தண்டவாளத்தில் இருக்கிற மின்சாரம் இடது சக்கரத்தில் ஏறுகிறது. சக்கரத்தின் முதுகை உரசிக்கொண்டு நகக்கீற்றுபோல ஒரு வெண்கலத் தகடு நிற்கிறது. அது வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கிறது. மோட்டாரைச் சுழற்றிவிட்டு வலது பக்கத் தகடு, வலது சக்கரம் என்று இறங்கி வலது தண்டவாளத்தில் வீடு திரும்புகிறது. ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் இறக்கம். எங்கே ஓர் இழை விலகினாலும் எஞ்சின் வெறும் இரும்பு.*

* பத்தாம் வகுப்பில் இதையெல்லாம் நான் படித்துத் தேறியிருப்பதாகச் சான்றிதழ் சொல்கிறது.

மதியம் ஜன்னத் பஸ்ஸில் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். கணவர் வேலை செய்கிற இடத்துக்கு இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக வருகிறாள். அவர் சாப்பிடுகிற நிலையில் இல்லை என்று பார்த்ததும் தூக்கை ஓரமாக வைத்துவிட்டு, போனில் டார்ச் போட்டு எஞ்சின் மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். கை ஆடவில்லை.

யூசுப் இரண்டு ஒயர்களை நேராக மோட்டாரில் வைத்தார். ர்ர்ர் என்று அது உயிரோடு எழுந்தது. "மோட்டார் உண்டு."

பிறகு மீட்டரை எடுத்தார். ஒரு முள் சக்கரத்தில், மறு முள் மோட்டார் ஒயரில். நடுவில் மின்சாரம் போக வழி இருந்தால் மீட்டர் கூவும். வலது பக்கம் நான்கு சக்கரம். கூவியது, கூவியது, கூவியது, கூவியது. "உண்டு. உண்டு. உண்டு. உண்டு." இடது பக்கம் முதல் சக்கரம் ஊமை. இரண்டாவதும் ஊமை. மூன்றாவது அழுத்தினால் முனகியது, விட்டால் நின்றது. நான்காவதும் ஊமை.

யூசுப் மீட்டரைக் கீழே வைத்தார். ஜன்னலுக்கு வெளியே சாரலைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். பிறகு, யாரிடம் என்றில்லாமல், மெதுவாகச் சொன்னார்.

"சாரல்னா ரெண்டு பக்கமும்லா நனையணும்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மிகை என்று நினைக்காதீர்கள். முப்பது வருடமாக வாக்கியம் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு கூடம் நிறைய ஆட்களின் தீர்ப்பை நாலே சொல்லில் தள்ளுபடி செய்கிற வாக்கியம் ஒன்றுகூட எழுதியதில்லை.

அவர் எஞ்சினைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடி முகர்ந்தார். அவளிடம் நீட்டினார். அவளும் முகர்ந்தாள். அவள் முகம் மாறியது. டார்ச் வெளிச்சம் எஞ்சினிலிருந்து ஒரு நொடி விலகி, என் சட்டையின் மேல் வந்து நின்று, திரும்பிப் போனது.

இடுக்கியால் அவர் இரண்டாம் சக்கரத்தின் முதுகிலிருந்து எதையோ உருவினார். கண்ணிமை மயிர் அளவில், காய்ந்த மஞ்சள் நார். வெள்ளைத் தாளில் வைத்தார். சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் அது படுத்துக்கிடந்திருக்கிறது. மற்ற சக்கரங்களில் சாறு காய்ந்து பிசுக்காகப் படிந்திருந்தது.

"யாரோ எஞ்சினுக்குச் சர்பத் குடுத்திருக்காவ," என்றார் யூசுப். சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. கண்டுபிடித்துவிட்டவரின் சிரிப்பு.

அவர் ஸ்பிரிட் வாங்க எதிரில் இருந்த மருந்துக்கடைக்குப் போனார். ஜன்னத் எஞ்சினையே பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"ஒங்க ஸ்டேட்டஸ்ல பாத்தேன் அண்ணாச்சி. நானும் சிரிச்சேன். இருவத்துநாலு மணி நேரத்துல அது அழிஞ்சி போச்சி. இது அழியலயே."

6

மணிமுத்து அந்த வெள்ளிக்கிழமை ஊரிலேயே இல்லை. பண்பொழிக்குச் சவாரி போயிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இப்படி ஒரு கதையில் அவரை இழுத்தேன் என்பதே அவருக்குத் தெரியாது.

எலுமிச்சம்பழம் ஏற்றாமலா என்று கேட்டவன் நான். முதலாளியின் ஆடம்பரத்தைக் கொஞ்சம் காற்று இறக்கிப் பார்க்கலாமே என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்டேன். அவர் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டதும் எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். பழத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். அரிந்தவன் நான். பின்னாலிருந்து தள்ளிய விரல் இப்போது இந்தப் பேனாவைப் பிடித்திருக்கிறது. போட்டோ எடுத்து, "பழம் பலி, பயணம் பலே" என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டேன். நூற்றுப் பதினெட்டுப் பேர் பார்த்தார்கள். சிரித்த முகங்கள் வந்து விழுந்தன.

இடது பக்கம் மட்டும் ஏன் என்ற கேள்விக்கு அந்தக் கூடத்தில் விடை தெரிந்திருந்த ஒரே ஆள், நோட்டில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

7

யூசுப் காது குடைகிற பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து நான்கு சக்கரங்களையும் துடைத்தார். பஞ்சு கறுப்பாகி வந்தது. வெளுப்பாக வரும்வரை துடைத்தார். நார் படுத்திருந்த தகடு சக்கரத்தைவிட்டு ஒரு மயிரிழை விலகிப்போயிருந்தது. அதை வளைக்க அவரிடம் இருந்த கருவிகள் எல்லாம் தடிமன். ஜன்னத் முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் கொடுத்தாள். ஊசி நுனியால் தகட்டை ஒரு சொல் சொல்வதுபோலத் தொட்டார். மீட்டரை வைத்தார்.

கூவியது. நான்கும் கூவின.

"உண்டு," என்றாள் ஜன்னத், அவர் சொல்வதற்கு முன்னால்.

எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, கன்ட்ரோலரின் திருகைக் கோழிமுட்டையைத் திருப்புவதுபோலத் திருப்பினார். முன்விளக்கு எரிந்தது. அரிசி அளவு வெளிச்சம். கிளம்பியது. பாலத்தின் பதின்மூன்று கண்களையும் ஒவ்வொன்றாகத் தாண்டியது; இருமவில்லை. வளைவு வந்தது, நிற்கவில்லை. குகைக்குள் நுழைந்தது.

நான்கு நொடி இருக்கும். எஞ்சினைக் காணோம். சத்தம் மட்டும் மலைக்குள். தெர்மோகோல் மலைதான், உள்ளே வெறும் மேசைப்பலகைதான். எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் மூச்சை விட மறந்து நின்றேன். ஜன்னத் முழங்காலிட்டு, கன்னத்தை மேசையில் வைத்து, தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோயிருந்தாள். குகைவாயில் முதலில் வெளுத்தது. பிறகு, ஆகாயத்திலிருந்து கொட்டுகிற அந்த அபத்தமான அருவியின் பின்னாலிருந்து, வெளிச்சம் அவள் கண்ணுக்குள் நேராக வந்தது. அந்த மட்டத்திலிருந்து பார்த்தால் அது பெரிய ரயில். அருவிகூடச் சரியான உயரம்தான் என்று பட்டது.

அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னொருக்க விடுங்க," என்றாள்.

யூசுப் விட்டார். எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை. மனைவிக்குத் தன் வேலையைக் காட்டுகிற மனிதரை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது.

8

சாயங்காலம் முதலாளி வந்தார், நாலைந்து ஆட்கள் சூழ. ரயில் ஓடுவதைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. என்ன கோளாறு என்று கேட்டார்.

எஞ்சினின் நெற்றியில் அவர் வைத்த சந்தனம் இன்னும் இருந்தது. ஒங்க பூசைதான் மொதலாளி என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். அல்லது என்னைக் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் யூசுப் மனதில் என்ன ஓடியது என்று இங்கே எழுதுவதுதான் முறை. எனக்குத் தெரியாது. தெரிந்தது இது: அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

"சாரல்தான் மொதலாளி," என்றார் யூசுப். "ஈரம்."

முதலாளி தலையாட்டினார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"அப்ப சீசன் பூரா இப்படித்தான் நிக்கும்னு சொல்லுதீரு. நான் ரயிலு விட்டதே சீசனுக்குத்தாம் பாய். மழைக்கு நிக்குத எஞ்சினுக்கு வருசம் பூரா ஆளு எதுக்கு? திங்கக்கெழம விழாவ நடத்திக் குடுத்துட்டு நீரு கெளம்பும்."

ஜன்னத் டார்ச்சை அணைத்தாள். அது அதுவரை எரிந்துகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊசியை எடுத்து முக்காட்டில் திரும்பக் குத்திக்கொண்டாள். திறக்காத சாப்பாட்டுத் தூக்கோடு இருவரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். வாசலில் யூசுப் திரும்பி வந்து, மடித்த வெள்ளைத் தாள் ஒன்றை என் கையில் வைத்தார்.

"வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. எழுதுததுக்கு ஆவும்."

உள்ளே அந்த நார் இருந்தது.

9

இந்த மாதிரிக் கதைகளில் இங்கே இரண்டு மூன்று முடிவுகளை வைத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். நானும் வைத்துப் பார்த்தேன்.

(அ) விழாவன்று எஞ்சின் நிற்கிறது, யூசுப் அருமை எல்லோருக்கும் புரிகிறது. இது நடக்காது. அவர் பழுது பார்த்தது நிற்காது.

(ஆ) செவ்வாய்க்கிழமை அவர் விமானம் ஏறுகிறார். ஜன்னத் வானத்தைப் பார்க்கிறாள். வாசகர் கண்கலங்குகிறார். எழுத்தாளனுக்குப் பரிசு கிடைக்கிறது. தூ.

(இ) எழுத்தாளன் சனிக்கிழமை சாயங்காலமே வாயைத் திறந்து

அவன் திறக்கவில்லை.

யூசுப் முறைப்படி நானும் ஆஜர் எடுத்துப் பார்த்தேன். எஞ்சின் உண்டு. யூசுப் உண்டு. ஜன்னத் உண்டு. சாரல்மேல் குற்றமில்லை. முதலாளிகூட உண்டு, அவர் பூஜையை மனதாரத்தான் போட்டார், அவரிடம் யாராவது உண்மையைச் சொல்லியிருந்தால் அது அவர் வழியாகப் போயிருக்கும். மீட்டர் ஊமையான இடம் ஒன்றே ஒன்று. நார் அங்கேதான் படுத்திருந்தது.

இதுவரை பொதுவாக 'வாசகர்' என்று எழுதிக்கொண்டு வந்தேன். துண்டறிக்கை வேண்டுமென்று பத்து நிமிடமாக என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒருவர். இந்தத் தாள்களைத்தான் அவரிடம் நீட்டப்போகிறேன்.

முதலாளி, நீங்கள் என் எழுத்தைப் படித்ததில்லை என்று சொன்னீர்கள். இது முதல் தடவை. கல்வெட்டையும் அருவியையும் பற்றிய பத்தியை எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எடுத்தால் மற்றதையும் நம்பமாட்டீர்கள் என்று விட்டுவைத்தேன். நார் தாளோடு குத்தியிருக்கிறது. முகர்ந்து பாருங்கள், வாசனை இன்னும் இருக்கிறது. எஞ்சின் சீசனில் ஓடும். ஓடவைக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், தென்காசியில் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு இருக்கிறார்.

முடிவை வாசகரிடம் விடுகிறேன் என்று இந்த வகைக் கதைகளில் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வது வழக்கம். இங்கே அது பேச்சில்லை. கடைசி வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். பேனாவைத் தாளின் மேலேயே வைத்திருக்கிறேன், மூடி கழற்றி.

செவ்வாய்க்கிழமை காலை முகம்மது யூசுப்